வண்டியை நிறுத்துபவர் யார்? எந்தச் சட்டப்படி?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறினால் பெரிய பெரிய விஷயங்களைப் பேசுவது நம் வழக்கம். இன்று நான் பேசப்போவது சிறிய விஷயம் போலத் தெரியும். ஆனால் உங்களில் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒருமுறையாவது சந்திக்கும் விஷயம்.

நீங்கள் இருசக்கர வாகனத்தில் மனைவி மக்களை இரயில் நிலையத்தில் இறக்கிவிடப் போகிறீர்கள். பார்சல் ஆபீசுக்கு வந்த சரக்கை எடுக்கக் குட்டியானையை ஓட்டிச் செல்கிறீர்கள். இரயில்வே கேட் மூடியிருக்கிறது, காத்து நிற்கிறீர்கள். இந்த இடங்களில் ஒரு காக்கிச் சட்டைக்காரர் வந்து வண்டியை நிறுத்துகிறார். "லைசென்ஸ் எடு. ஆர்.சி. எடு. ஓரமாக வா" என்கிறார். உடனே உங்கள் கை சட்டைப் பைக்குப் போகிறது. சிலருக்கு லைசென்சை எடுக்கப் போகிறது, சிலருக்கு நூறு ரூபாய் நோட்டை எடுக்கப் போகிறது!

அவர் யார் என்று கேட்டீர்களா? எந்தச் சட்டத்தின்படி நிறுத்தினார் என்று கேட்டீர்களா? கேட்பதில்லை. காக்கி என்றால் எல்லாம் ஒரே போலீஸ் என்று நினைக்கிறோம். அல்லது நேர்மாறாக, "இவர் இரயில்வேகாரர்தானே, இவரால் என்ன செய்ய முடியும்?" என்று அலட்சியமாக நடந்து வம்பில் மாட்டிக்கொள்கிறோம். இரண்டுமே அறியாமை. இரண்டுக்கும் நாம் விலை கொடுக்கிறோம்.

இரண்டு படைகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக மனதில் பதியவைத்துக் கொள்ளுங்கள். இரயில் நிலையத்தில் நீங்கள் பார்க்கும் காக்கிச் சட்டைகள் இரண்டு வெவ்வேறு படைகளைச் சேர்ந்தவை.

ஒன்று, ஜி.ஆர்.பி. எனப்படும் இரயில்வே காவல்துறை. இது மாநில அரசின் போலீஸ். இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் இரண்டாவது இனமே "காவல்துறை". அதில் இரயில்வே காவலும் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் ஒரு பிரிவு. நிலையத்திலும் ஓடும் இரயிலிலும் திருட்டு, அடிதடி, மரணம் போன்றவற்றில் வழக்குப் பதிவு செய்து புலன்விசாரணை செய்பவர்கள் இவர்கள்தாம்.

மற்றொன்று, ஆர்.பி.எஃப். எனப்படும் இரயில்வே பாதுகாப்புப் படை. இது மத்திய அரசின் படை, இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 1957-ஆம் ஆண்டின் இரயில்வே பாதுகாப்புப் படைச் சட்டம் இதற்குத் தாய்ச் சட்டம். 1985-இல் வந்த திருத்தம் இதை ஒன்றியத்தின் ஆயுதப்படைகளில் ஒன்றாக ஆக்கியது. முன்பு இரயில்வே சொத்தைக் காப்பதே இதன் வேலையாக இருந்தது. 2003-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு பயணிகளையும், பயணிகள் நடமாடும் பகுதியையும் காப்பதும் இதன் கடமையாயிற்று.

இருவரையும் எப்படி அடையாளம் காண்பது? தோள்பட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். நெஞ்சில் உள்ள பெயர்ப் பட்டையைப் பாருங்கள். நிலையத்தில் இருவருக்கும் தனித்தனி அலுவலகங்கள் இருக்கும், வாசலில் பலகை இருக்கும். தெரியவில்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள்: "சார், நீங்கள் ஆர்.பி.எஃப்.பா, ஜி.ஆர்.பி.யா?" இப்படிக் கேட்பது குற்றமல்ல.

பொதுச் சாலையில்

இப்போது நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள். பஜார் தெருவில், பொதுச் சாலையில் ஓட்டுகிறீர்கள். அங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? பொது இடத்தில் வண்டி ஓட்டுபவர், சீருடையிலுள்ள எந்தப் போலீஸ் அதிகாரி கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். ஜி.ஆர்.பி.காரர் மாநிலப் போலீஸ். சீருடையில் நின்று கேட்டால் உரிமத்தைக் காட்டிவிடுங்கள். "நீங்கள் இரயில்வே போலீஸ், உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று சண்டை பிடிக்காதீர்கள்.

ஆனால் உரிமத்தைப் பார்ப்பது வேறு, பணம் வாங்குவது வேறு. அந்த இடத்திலேயே அபராதம் வாங்கி வழக்கை முடித்துக்கொள்ளும் முறைக்கு 200-ஆவது பிரிவு வழி செய்கிறது. எந்த அதிகாரிகள் வாங்கலாம், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை மாநில அரசு அறிவிக்கை மூலம் சொல்ல வேண்டும். அந்த அறிவிக்கையில் இல்லாதவர் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. வாங்குபவர் இ-சலான் அல்லது ரசீது தர வேண்டும். ரசீது இல்லாத அபராதம் அரசுக் கஜானாவுக்குப் போகாது. அது எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை!

இரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் பொதுச் சாலையில் நின்று ஹெல்மெட் எங்கே, இன்சூரன்ஸ் எங்கே, புகைச் சான்று எங்கே என்று கேட்டால்? அவருடைய தாய்ச் சட்டம் இரயில்வே சொத்து, பயணிகள், பயணிகள் பகுதி ஆகிய மூன்றைப் பற்றியது. சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை அது அவருக்குத் தரவில்லை. ஹெல்மெட்டுக்காக அபராதம் வசூலிப்பது அவர் வேலையல்ல.

உங்கள் ஆவணங்களைக் கைப்பேசியில் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் வைத்திருந்தாலே போதும். அவை அசலுக்குச் சமம். இப்படிச் சரிபார்க்க முடிகிற ஆவணங்களுக்கு அசலைக் கேட்கக் கூடாது என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

போலீஸ் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றினால், 206-ஆவது பிரிவின்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். உரிமம் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டைக் கொண்டு நீங்கள் ஓட்டலாம். உரிமம் இல்லாமலோ, பதிவு இல்லாமலோ, பெர்மிட் இல்லாமலோ ஓட்டினால் 207-ஆவது பிரிவின்படி வண்டியையே பிடித்து வைக்கலாம். ஆகவே காகிதங்களைச் சரியாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஆனால் ஓடும் வண்டியின் சாவியைப் பிடுங்கு என்று இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

நிலைய வளாகத்தில்

இனி வண்டியைத் திருப்பி இரயில் நிலைய வளாகத்துக்குள் ஓட்டுங்கள். இங்கே நிலைமை மாறிவிடுகிறது! இப்போது நீங்கள் நிற்பது இரயில்வேயின் இடம். இங்கே 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் பேசும்.

அதன் 159-ஆவது பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரயில்வே வளாகத்தில் இருக்கும் எந்த வாகனத்தின் ஓட்டுநரும் நடத்துநரும், இரயில்வே ஊழியரோ போலீஸ் அதிகாரியோ தரும் நியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். மீறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1989-இல் எழுதப்பட்டது. இத்தகைய தண்டனைகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. வழக்கு என்று வந்தால் அன்றைய சட்டப் பிரதியை வழக்கறிஞரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆர்.பி.எஃப்.காரர் இரயில்வே ஊழியரா?" என்று கேட்பீர்கள். ஆம்! 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, அந்தப் படையினர் அனைவரையும் இரயில்வே ஊழியர்களாகவே கருத வேண்டும் என்கிறது. எனவே சாலையில் உங்கள் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்க அதிகாரமில்லாத அதே மனிதர், நிலைய வாசலில் "வண்டியை இங்கே நிறுத்தாதே, எடு" என்றால் நீங்கள் எடுத்தே ஆக வேண்டும். இரண்டே நிமிடம்தான் என்று வாதாடாதீர்கள்.

எடுக்காவிட்டால் என்ன நடக்கும்? 179-ஆவது பிரிவின் கீழ், மத்திய அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் பெற்ற அலுவலர் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். நடைமுறையில் அவர் ஆர்.பி.எஃப். அலுவலர். வேறு யாராவது பிடித்தால் தாமதமின்றி அந்த அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் விசாரித்து நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம்.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். சட்டம் "நியாயமான உத்தரவு" என்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்து, ஆம்புலன்சுக்கு வழி விடு, வரிசையில் போ என்பவை நியாயமான உத்தரவுகள். பெட்டியைத் தூக்கி இறக்கு, டீ வாங்கி வா என்பவை நியாயமான உத்தரவுகள் அல்ல. அதேபோல் 159-ஆவது பிரிவின் கீழ் குற்றவாளியென முடிவு செய்து அபராதம் விதிப்பது மாஜிஸ்டிரேட்டின் வேலை. வாசலில் நிற்கும் காவலர் "ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போ" என்றால், "எனக்கு ரசீது கொடுங்கள், அல்லது கோர்ட்டில் கட்டுகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

வாகன நிறுத்தக் குத்தகைதாரரின் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் எந்தப் போலீசும் அல்ல. அறிவிப்புப் பலகையில் உள்ள கட்டணத்தை ரசீதோடு வாங்க மட்டுமே அவர்களுக்கு உரிமை. கூடுதலாகக் கேட்டால் 139 என்ற இரயில்வே உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

கேட் மூடியிருக்கும்போது

சகோதரர்களே, இந்தப் பகுதியில் நான் உங்கள் பக்கம் பேசப் போவதில்லை.

மூடிய கேட்டின் அடியில் பைக்கைச் சாய்த்து நுழைந்து போகும் இளைஞர்களை நான் பார்க்கிறேன். கேட்கீப்பரிடம் "கொஞ்சம் தூக்கிவிடுப்பா" என்று சத்தம் போடும் வேன் ஓட்டுநர்களைப் பார்க்கிறேன். இரயில்வே சட்டத்தின் 160-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சாலைப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட கேட்டையோ சங்கிலியையோ தடுப்பையோ அதிகாரம் இல்லாதவர் திறந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. உடைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை! கைது செய்ய வாரண்ட் தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் இளைஞனே, உன் பெயரில் இப்படி ஒரு வழக்கு இருந்தால் போலீஸ் சான்றிதழுக்கு எங்கே போவாய்?

ஆளில்லாத கேட்டுகளைப் பற்றி 161-ஆவது பிரிவு பேசுகிறது. வண்டியை நிறுத்தி இருபுறமும் இரயில் வருகிறதா என்று பார்க்காமல் கடந்தாலோ, இரயில் வருவது கண்ணில் தெரிந்தும் கடந்தாலோ ஓராண்டு வரை சிறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, கிளீனரோ உடன் வருபவரோ இறங்கி நடந்து போய்ப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகல இரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரி 31-க்குள் அகற்றப்பட்டுவிட்டன. ஆனாலும் அந்தப் பழக்கம் உயிர் காக்கும் பழக்கம்.

ஆள் இருக்கும் கேட்டிலும் கவனம் வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது இரயில் மோதி மூன்று மாணவச் செல்வங்கள் உயிரிழந்தார்கள். கேட்கீப்பர் கைது செய்யப்பட்டார். யார் மீது வழக்குப் போட்டாலும் அந்தப் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை. கேட் திறந்திருந்தாலும் ஒரு விநாடி இருபுறமும் பாருங்கள். இரயில் ஓட்டுநரால் உங்களைக் கண்டவுடன் இரயிலை நிறுத்திவிட முடியாது.

வண்டியில் என்ன சரக்கு?

இனிமேல் சொல்லப்போவதை வியாபாரப் பெருமக்கள், குறிப்பாகக் காயலான் கடை, பழைய இரும்பு, பழைய பேட்டரி, செப்புக் கம்பி வியாபாரம் செய்வோரும், அந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்காரர்களும் காது கொடுத்துக் கேளுங்கள். இன்றைய உரையில் மிக ஆபத்தான இடம் இதுதான்.

1966-ஆம் ஆண்டில் இரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் என்று ஒன்று வந்தது. திருடப்பட்டது என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க இரயில்வே சொத்து உங்கள் வசம் இருந்தால், அது சட்டப்படிதான் உங்களிடம் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். வாரண்ட் இல்லாமல் ஆர்.பி.எஃப். உங்களைக் கைது செய்யலாம். இதற்கு நிலைய வளாகம் என்ற எல்லை கிடையாது. சாலையில் போகும் உங்கள் வண்டியும் இதில் அடங்கும். மேலும் 12-ஆவது பிரிவின்படி, அந்தச் சரக்கைச் சுமந்து சென்ற வாகனத்தையே அரசுடைமையாக்க மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். கடன் வாங்கி மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டி அது!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. இப்போது 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆவது பிரிவாக அது தொடர்கிறது. அந்தத் தைரியத்தில், "எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன், என்னை விட்டால் போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஆனால் 1974-இல் உத்தரப்பிரதேச அரசு எதிர் துர்கா பிரசாத் வழக்கிலும், 1980-இல் பால்கிஷன் தேவிதயாள் வழக்கிலும் உச்சநீதிமன்றம் என்ன தீர்ப்பளித்தது? 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் ஆர்.பி.எஃப். அலுவலர் "போலீஸ் அதிகாரி" அல்ல என்று தீர்ப்பளித்தது. இதன் பொருள் என்ன? அவரிடம் நீங்கள் தரும் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகவே சாட்சியமாகப் பயன்படுத்தலாம்!

சிந்தித்துப் பாருங்கள்! போலீஸ் என்று நினைத்துப் பயந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். அவர் போலீஸ் அல்ல என்பதாலேயே அந்தக் கையெழுத்து உங்களைச் சிறைக்கு அனுப்புகிறது. எந்தப் படை, எந்தச் சட்டம் என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? விசாரணைக்கு அழைத்தால் போங்கள். ஓடி ஒளியாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், பொய் சொல்வது தனிக் குற்றம். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியவர் வெளிமாநிலத்துக்காரராக இருக்கலாம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால், கையெழுத்துக்கு மேலே "எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். மிரட்டியோ, ஆசை காட்டியோ, அடித்தோ வாங்கிய வாக்குமூலம் செல்லாது. அதனால் அப்படி நடந்திருந்தால், மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தப்படும் முதல் நாளே வாய்திறந்து சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அது ஜோடனையாகத் தெரியும்.

வாங்கும்போதே எச்சரிக்கையாக இருப்பது எல்லாவற்றையும்விட மேல். தண்டவாளத் துண்டு, ஃபிஷ்பிளேட், இரயில்வே முத்திரை உள்ள எந்த இரும்பும் மலிவாக வந்தால் தொடாதீர்கள். இரயில்வே ஏலத்தில் வாங்கியது என்று விற்பவர் சொன்னால் ஏல ஆவணத்தின் நகலையும், சரக்கு வெளியே எடுக்க அனுமதித்த சீட்டின் நகலையும், அவருடைய பில்லையும் வாங்கி வண்டியிலும் கடையிலும் வையுங்கள். வாடகைக்கு ஏற்றும் ஓட்டுநர் சகோதரரே, மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஏற்றாதீர்கள்.

கைது என்று வந்துவிட்டால்

எந்தப் படை கைது செய்தாலும் உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. இவை யாரும் போடும் பிச்சையல்ல. அரசியல் சட்டத்தின் 22-ஆவது கூறு தரும் உரிமைகள்.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். இரயில்வே சட்டத்தின் 179-ஆவது பிரிவிலும் இதே 24 மணி நேரம்தான். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆர்.பி.எஃப். ஒருவரைக் கைது செய்தால், 14-ஆவது பிரிவின்படி தேவையற்ற தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைது நடைமுறைக்குப் பதினொரு கட்டளைகளைப் பிறப்பித்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி ஒரு சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். இவற்றில் முக்கியமானவை இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36, 38, 47, 48 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருப்பது இது.

159, 161 ஆகிய பிரிவுகளின் குற்றங்கள் ஜாமீனில் விடத்தக்கவை. சன்ஹிதாவின் 478-ஆவது பிரிவின்படி அங்கே ஜாமீன் உங்கள் உரிமை, யாருடைய தயவும் தேவையில்லை. வழக்கறிஞருக்குப் பணமில்லையா? காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எதுவானாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 15100 என்ற எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வையுங்கள்.

ஆத்திரம் வேண்டாம், லஞ்சமும் வேண்டாம்

உரிமை தெரிந்துவிட்டது என்பதற்காகச் சட்டையைப் பிடிக்கக் கிளம்பாதீர்கள்! கடமையிலிருக்கும் ஆர்.பி.எஃப். வீரரைத் தடுத்தாலோ, தாக்குவதாக மிரட்டினாலோ வாரண்ட் இல்லாமல் கைது செய்ய 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஐந்நூறு ரூபாய் அபராதத்தில் முடிய வேண்டிய விஷயம், அரசு ஊழியரைத் தாக்கிய வழக்காக மாறிவிடும். கூட்டம் சேர்க்காதீர்கள். குரலை உயர்த்தாதீர்கள். பெயர், பதவி, தேதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியோ தவறோ, அங்கே உத்தரவுக்குக் கட்டுப்பட்டுவிட்டுப் பிறகு எழுத்தில் கேள்வி கேளுங்கள்.

நோட்டைச் சுருட்டிக் கையில் திணிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினால், ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் புகார் செய்தால் மட்டுமே கொடுத்தவருக்குப் பாதுகாப்பு.

யாரிடம் புகார் செய்வது? ஆர்.பி.எஃப்.காரர் என்றால் அந்த இரயில்வே கோட்டத்தின் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதுங்கள். ஜி.ஆர்.பி.காரர் என்றால் இரயில்வே காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் திருச்சியிலும் அந்த அலுவலகங்கள் இருக்கின்றன. மாநிலப் போலீசார் மனித உரிமையை மீறியிருந்தால் மாநில மனித உரிமை ஆணையத்தை அணுகலாம். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் அணுக வேண்டும். "அபராதம் வசூலிக்க அதிகாரம் பெற்றவர்கள் யார்? அந்த அறிவிக்கையின் நகல் தருக" என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்தால் அதைக் கடைவீதி வணிகர் சங்கப் பலகையில் ஒட்டுங்கள்.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். வண்டியின் காகிதங்களைக் கைப்பேசியில் ஏற்றுங்கள். கடையில் உங்களிடம் வேலை செய்யும் பையனையும் வண்டி ஓட்டும் தம்பியையும் உட்காரவைத்து, இரண்டு காக்கிகளுக்கும் உள்ள வித்தியாசத்தையும், படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நடுரோட்டில் முதலில் நிறுத்தப்படுவது முதலாளி அல்ல, அந்தப் பையன்தான். மாட்டிக்கொண்ட பிறகு ஜமாஅத்தாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவதைவிட, இன்று அரை மணி நேரம் அவனோடு உட்காருவது எளிது.